மாமனார் வண்டிக்கு ஒரு பிரேக்

பிரேக்கை அடிவரைக்கும் மிதித்த பிறகும் வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இது தன் வண்டியல்ல, மாமனார் வண்டி என்பது குமாஸ்தாவுக்கு நன்றாக உறைத்தது. தெருமுனைச் சலவைக்கடைக்குள் நுழைந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு, ஒருவழியாக அது நின்றது. அவருக்குக் கீறல் இல்லை. வண்டிக்கும் இல்லை. சலவைக்காரர் சொன்னதை மட்டும் எழுத்தில் போட முடியாது.

குமாஸ்தாவுக்கு வேலை இன்சூரன்ஸ் ஆபீசில், விபத்துப் பிரிவில். காலையிலிருந்து மாலை வரை ஊராருக்குக் கைகால் முறிந்த கதையைப் படிப்பதுதான் தொழில். அதனால் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார். கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில் ஏன் ஏறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மாமனார் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, கீழ்வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தார். "தினம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைச்சுடுங்க மாப்பிள்ளை. ஓட்ட வேண்டாம்" என்று சாவியைக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மாப்பிள்ளையை நம்பிக் கொடுத்த முதல் பொருள் அந்தச் சாவிதான். தான் படித்து முடிக்காத பேப்பரைக்கூட அதுவரை கொடுத்ததில்லை. சாவி கைக்கு வந்ததும் குமாஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருமுனை வரைக்கும்தானே என்று கிளம்பிவிட்டார்.

மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"பிரேக் ஷூ சுத்தமா தேஞ்சு போச்சு சார். இந்த மாடலையே நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு. இனிமே புதுசு வராது. எந்தக் கடையிலயாவது பழைய ஸ்டாக் தூங்கிட்டிருந்தா உண்டு."

"வேற வண்டியோடது போட்டா?"

"போடலாம். நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

குமாஸ்தா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னதும் மாமனார் செய்யப்போகும் முதல் காரியம் வண்டியை எடுப்பதுதான். விஷயத்தைச் சொன்னால், ஓட்டாதே என்ற வண்டியை ஓட்டிய மாப்பிள்ளை என்று ஆயுசுக்கும் பெயர். சொல்லாவிட்டால், மாமனாரின் ஆயுசுக்கே ஆபத்து. பிரேக் ஒழுங்காக இருந்த காலத்திலேயே சொந்த வீட்டுக் கேட்டில் மோதிவிட்டு, கேட்டை யார் முன்னால் தள்ளி வைத்தது என்று கேட்டவர் அவர். மறுநாள் ஆபீசில் கையில் எடுத்த ஒவ்வொரு விபத்துக் காகிதத்திலும் மாமனார் முகம் தெரிந்தது. எப்பாடுபட்டாவது வெள்ளிக்கிழமைக்குள் வண்டியைச் சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தார்.

கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் ஒரே பதில். இருந்தது, ஆனால் போன மாசம் யாரோ வந்து மிச்சமிருந்ததையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய வண்டி சேர்க்கும் பணக்காரப் பைத்தியம் ஒன்று ஊருக்குள் அலைகிறது என்று குமாஸ்தா முடிவுகட்டினார். பெரிய மீசையோடு அந்த ஆளை மனதுக்குள் வரைந்தும் வைத்துக்கொண்டார்.

இந்தப் பாட்டையெல்லாம் கொட்டுவதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆள் மாமியார். சாயங்காலம் அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில், டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி அன்றன்றைய கதையைச் சொல்வார். மாமியார் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எந்தக் கடை, எந்தத் தெரு என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். மாமனாரிடம் மூச்சுவிட மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்திருந்தாள். கடையில் இல்லை என்று வந்த நாட்களில் டீயோடு இரண்டு பிஸ்கட்டும் வரும். பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று குமாஸ்தாவுக்குக் கண் கலங்கும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கடை இருப்பதாக மெக்கானிக் சொன்னார். போன் செய்தால் ஒரே ஒரு செட் இருக்கிறதாம். எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு ஓடினார்.

"அதான் காலையிலேயே குடுத்தாச்சே" என்றார் கடைக்காரர். "இன்சூரன்ஸ் ஆபீஸ் சார் வாங்கிட்டு வரச் சொன்னாருன்னு வந்தாங்க."

குமாஸ்தாவுக்குச் சுரீரென்றது. இந்தக் கடையைச் சொன்னது மெக்கானிக். மீசைக்காரனுக்குத் துப்பு கொடுப்பதும் அவர்தான். நேரே போய், நம்பிக்கைத் துரோகம், கமிஷன் என்று என்னென்னவோ பேசி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போனார். முன்னவர் பயந்து பயந்து வேலை செய்பவர். இவருக்குப் பயம் என்பதே கிடையாது.

இவர் வேறு வண்டியின் ஷூவை அரத்தால் ராவி உள்ளே திணித்தார். வண்டி நின்றது. ஆனால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தெருவே வெளியே வந்து எட்டிப் பார்க்கும்படி அலறியது. உள்ளே படுத்திருந்த மாமனார், யார் வண்டி அது என்று கேட்டார். பால்காரர் வண்டி என்று குமாஸ்தா சொல்லிவைத்தார். மறுநாள் காலை மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வாசலுக்கு வந்து, சைக்கிளில் பால் கொண்டுவரும் அந்த மனிதரை எண்ணெய் போடத் தெரியாதவன் என்று திட்டித் தீர்த்தார்.

அலறலை நிறுத்த, பயமில்லாத மெக்கானிக் ஷூவில் ஏதோ ரப்பரை ஒட்டினார். இப்போது அலறவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை. நடுரோட்டில் பின்சக்கரம் இறுகிப்போய், சாமான் ஏற்றும் வண்டியில் அதைத் தூக்கிப்போட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இறுகியதை விடுவிக்க அவர் சுத்தியலால் தட்டினார். ஷூவைத் தாங்கும் தட்டு இரண்டாக விண்டது. அந்தத் தட்டும் இப்போது எங்கும் செய்வதில்லை.

அன்றைக்குக் குமாஸ்தா வீட்டுக்குள் நுழைந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றத்தானோ என்னவோ, டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுக்கச் சொன்னாள். தள்ளினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்குக் கொடுத்த பித்தளைப் பாத்திரமெல்லாம் இதில்தான் போலிருக்கிறது என்று நினைத்தபடி மேலே உட்கார்ந்தார்.

"கிடைக்காததுக்குப் போய் ஏன் மனச அலட்டிக்கிறீங்க? விடுங்க மாப்பிள்ளை" என்றாள் மாமியார், பிஸ்கட் பாக்கெட்டை முழுசாக நீட்டி.

எப்படி விடுவது? அதன் பிறகு குமாஸ்தா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாமியாரிடம்கூட. முதல் மெக்கானிக்கிடம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். இருவருமாக உடைந்த தட்டை லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், அதே அளவில் புதிதாகக் கடைந்து வாங்கினார்கள். லாரி பிரேக்குக்கு ஒட்டும் லைனிங் பட்டையை அளவாக வெட்டி, பழைய ஷூவிலேயே ஆணியடித்துப் பொருத்தினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் குமாஸ்தா தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். வண்டி சத்தமில்லாமல், குலுங்காமல், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சலவைக்கடைக்காரர் அவசர அவசரமாக விரிப்புகளை உள்ளே எடுத்ததுதான் கொஞ்சம் மனதை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். மாமனார் வந்த கையோடு சாவியைக் கேட்டார். குமாஸ்தா எடுத்து நீட்டுவதற்குள் மாமியார் குறுக்கே வந்தாள்.

"வண்டி பிரேக் போயிடுச்சுங்க. பார்ட்ஸ் இப்ப யாரும் செய்யறதில்லையாம். எங்கயுமே கிடைக்கலயாம். வேணும்னா மாப்பிள்ளையக் கேளுங்க."

இப்படிப் போட்டு உடைப்பாள் என்று குமாஸ்தா எதிர்பார்க்கவில்லை. மாமனார் அவர் பக்கம் திரும்பினார். ஆபரேஷனான கண் பளிச்சென்று இருந்தது. குமாஸ்தா சாவியை நீட்டினார்.

"போயிருந்தது மாமா. நானே புதுசா செய்ய வெச்சு மாட்டிட்டேன்."

மாமியார் வாயைத் திறந்தபடி நின்றாள். ஆச்சரியத்தில் பேச்சு வரவில்லை என்று குமாஸ்தாவுக்குப் பெருமையாக இருந்தது.

மாமனார் வண்டியை எடுத்தார். வாசலிலேயே ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார், நிறுத்தினார். கேட்டில் மோதவில்லை. இறங்கி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள என்னமோன்னு நினைச்சிட்டேன் மாப்பிள்ளை" என்றார். பிறகு ஏறி, இனிமேல் தினமும் ஒரு சுற்று என்று அறிவித்துவிட்டு, பெரிய ரோட்டுப் பக்கம் பறந்தார். யாரோ ஒதுங்கு ஒதுங்கு என்று கத்துவது கேட்டது.

குமாஸ்தா உள்ளே வந்து, பாரமெல்லாம் இறங்கிய நிம்மதியில் டிரங்குப் பெட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்தார். டீ வரவில்லை. பிஸ்கட்டும் வரவில்லை. மாமியார் மட்டும் வந்து எதிரே நின்றாள்.

"கொஞ்சம் எழுந்திருங்க."

எழுந்தார். அவள் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி, மேலே கிடந்த பழைய போர்வையை விலக்கினாள். அடியில், பிரிக்காத அட்டைப் பெட்டிகளில், அடுக்கடுக்காகப் பிரேக் ஷூ.

"ஊர்ல இருந்ததுல ஒண்ணு விடாம வாங்கிப் பூட்டி வெச்சேன்" என்றாள் மாமியார், பெரிய ரோட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு. "வண்டிக்கு பிரேக் இல்லேன்னாத்தானே மாப்பிள்ளை, அவருக்கு பிரேக்."