கம்ப்யூட்டருக்கு ஒரு காலிங்பெல் ஸ்விட்ச்

ஜோகுபாளையம்,
பெங்களூர்.
14-9-2003

அன்பு மகள் தாரணிக்கு அப்பா பழனிச்சாமி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தண்ணீர் மோட்டார் மூவரும் நலம். மெல்போர்னில் உன் நலத்தையும் குளிரின் நிலவரத்தையும் அறிய ஆவல். இனி, உன் கம்ப்யூட்டரின் நலம் பற்றி.

கோபப்படாமல் படி. நான் அந்த சிபியூ பெட்டியைத் திறந்துவிட்டேன். "அப்பா, இத மட்டும் தொடாதீங்க" என்று ஏர்போர்ட் போகிற வழியெல்லாம் நீ சொன்னது மறக்கவில்லை. ஆனால் உன் அம்மாவுக்காகத் திறக்க வேண்டியதாயிற்று. சொர்ணத்துக்கு முட்டி வலி. பெட்டியோ மேஜைக்கு அடியில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறது. நீ நாற்காலியில் சாய்ந்தபடியே கால் கட்டைவிரலால் அதை ஆன் செய்வாயே, "சரஸ்வதிடீ அது, காலாலயா தொடுற!" என்று அவள் சமையலறையிலிருந்து கத்துவாள், நீயும் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுநாளும் அதையே செய்வாய். அந்தச் சண்டை இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இப்போது அவளால் குனிய முடியாது, காலாலும் தொடமாட்டாள், ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால், நீ காலேஜ் விட்டு வருகிற நேரத்துக்கு, அது ஓடியே ஆகவேண்டும் என்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பீன்யா ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரீஷியனாகக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு ஸ்விட்ச் பெரிய விஷயமா? பவர் பட்டனிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஒயரைக் கண்டுபிடித்து, அதோடு வேறு ஒயரைச் சேர்த்து, சுவரோரமாகவே இழுத்து வந்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு லைட் ஸ்விட்சில் மாட்டினேன். போட்டேன். கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. "பாத்தியா சொர்ணம்!" என்று திரும்புவதற்குள் அணைந்துபோச்சு. மறுபடி போட்டேன், நான்கு எண்ணுவதற்குள் மறுபடி அணைந்தது. இப்படிப் பதினோரு தடவை. உன் போட்டோவெல்லாம் அதற்குள்தானே இருக்கு, எல்லாம் போச்சு என்று ஒயரையெல்லாம் பிடுங்கினேன். ஆட்டோவில் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டில் நீ வாங்கின கடைக்கே ஓடினேன். கடைக்காரர் கிருஷ்ணப்பா என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், லைட் ஸ்விட்ச் போட்டா அமுக்கினபடியே நிக்கும். பட்டன விடாம அமுக்கினா நாலு செகண்ட்ல கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடும். தொட்டுட்டு விடணும், அஷ்டே! காலிங்பெல் ஸ்விட்ச் ஹாக்ரி, அதப் போடுங்க" என்றார். என் முப்பத்தொரு வருட சர்வீஸ் அந்தக் கவுன்டரிலேயே போச்சு. ஆனால் போட்டோவெல்லாம் பத்திரம் என்று போட்டுக் காட்டினார், அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

காலிங்பெல் ஸ்விட்ச் அற்புதமாக வேலை செய்கிறது. ஒரே சங்கடம், அதன்மேல் மணிப் படம் போட்டிருக்கிறது. கதவு திறந்திருந்தால் வருகிறவர்களெல்லாம் கையை நீட்டி அதைத்தான் அமுக்குகிறார்கள். நேற்று, நீ திரையில் வைத்துவிட்டுப் போன உன் போட்டோ வந்து நின்ற நேரம் பார்த்து எதிர்வீட்டுச் சந்திரம்மா அமுக்கினார். நீ மறைந்துபோனாய். "பெல் அடிச்சேன், சவுண்டே வரல, கெட்டு ஹோயித்தா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு தரம் அமுக்கினார். நீ வந்துவிட்டாய். அதனால் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

அம்மாவின் ஆசைக்காகச் செய்ததால் அப்பாவை மன்னித்துவிடு. மஃப்ளர் கட்டாமல் வெளியே போகாதே. உனக்கு ஒரு தலைவலிகூட வராமல் பார்த்துக்கொள்ள அல்சூர் முருகனிடம் தினமும் சொல்லி வைக்கும்,

உன் அப்பா,
பழனிச்சாமி

பி.கு.: தாரணி, அம்மா எழுதறேன். கவர ஒட்டி வைன்னு குடுத்துட்டு அப்பா பால் வாங்கப் போயிருக்காரு. எனக்கு முட்டி வலியெல்லாம் ஒண்ணும் இல்ல, வலி அவருக்குத்தான். ஆறு மணிக்கு எனக்குக் கொழாத்தண்ணி புடிக்கவே நேரம் பத்தாது, கம்ப்யூட்டர நான் எங்க கேட்டேன்? அவருதான் அத ஆன் பண்ணிட்டு எதிர்ல சும்மா உக்காந்துக்கறாரு. வேற எதுவும் தட்டத் தெரியாது. எட்டு மணிக்கு, "போதும் தாரணி, சாப்பிட வாம்மா"ன்னு சொல்லிட்டு அணைக்கறாரு.