விக்கல் ஆசானின் லோடு டெஸ்ட்

காரை ரிப்பேருக்கு விட்டால் காரோடு சேர்த்து வீட்டு மனுஷர்களையும் கொண்டுவரச் சொல்லும் மெக்கானிக் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வலியசாலைக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் விக்கல் ஆசான். திருவனந்தபுரத்தில் மெக்கானிக்கை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். எஞ்சின் ஓடும்போது நடுநடுவே திணறுவதை மற்றவர்கள் மிஸ்ஃபயர் என்பார்கள். இவர் விக்கல் என்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

என் பழைய பெட்ரோல் கார் சூடேறிப் படுத்துவிட்டபோது ஆசான்தான் எஞ்சினை இறக்கிப் பிரித்து, பிஸ்டன் வரைக்கும் மாற்றி ஏற்றிக் கொடுத்தார். அந்தப் பெருமையில் பொன்முடிக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் என் பக்கத்தில் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர். பின்னால் அக்காவும் என் மனைவி லலிதாவும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி விக்க ஆரம்பித்தது. அத்திம்பேருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவனுக்குச் சொல்லித்தர மட்டும் நன்றாகத் தெரியும். "மூணு போடுடா, மூணு போடு" என்று வளைவுக்கு வளைவு மூணாவது கியரைப் போடச் சொன்னார். அத்திம்பேர் சொன்னால் போடாமல் இருக்க முடியுமா? போட்டேன். போட்டபோதெல்லாம் வண்டி விக்கியது.

லலிதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வண்டியாவது நடுநடுவுல நிக்கறது. உங்க வாய் நிக்கவே மாட்டேங்கறது" என்றாள்.

அவ்வளவுதான். பாதி மலையில் திரும்பினோம். மலையடிவாரத்தில், கல்லாற்றில் அத்திம்பேர் இறங்கிக்கொண்டார். வராத பஸ்ஸுக்காக அக்காவும் அவரோடு நின்றாள். அதற்குப் பிறகு கரமனையிலிருந்து அக்கா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். வண்டி எக்கேடும் கெடட்டும், அக்கா வராததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆசான் பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், இன்ஜெக்டரைக் கழுவினார். ஊருக்குள் ஓட்டினால் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. மலையில் பாரத்தோடு ஏறினால்தான் விக்கும்போல என்று சொல்லி, அன்றைக்கு வந்த ஆளுக்கொன்றாக அரிசி மூட்டைகளை ஏற்றினார். முன்சீட்டு மூட்டைக்கு பெல்ட்டும் மாட்டினார்.

"இது உங்க அத்திம்பேரு சாரே. கொஞ்சம் தடி கூடுதலு, பரவால்ல."

மறுபடி மலைக்குப் போகும் வழியில் கல்லாற்றில் டீக்கடைக்காரர், அரிசி கிலோ என்ன விலை என்று கேட்டார். உச்சிவரை வண்டி ஒருமுறைகூட விக்கவில்லை. ஆசான் முன்சீட்டு மூட்டையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மூட்டை வாய் தொறந்து மிண்டாது சாரே. அதாக்கும் பிரச்னை. முன்சீட்டு ஆளு அன்னைக்கு என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"வளைவுல மூணு போட்டா எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அந்த ஆளு வேணும்."

"நானே மூணு போட்டுப் பாக்கறேனே ஆசானே."

"சாரு தோணும்போ போடும். அவரு சொல்லுத நேரம் வேற, கேட்டோ."

மறுநாளே ஆசான் கரமனைக்குப் போய்விட்டார். 'சாரு சொன்னாத்தான் இந்த வண்டி சீக்கைக் காட்டும்' என்று அங்கே சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்திம்பேர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அக்கா பின்சீட்டில் நடுவில். ஆசான் ஒரு ஜன்னலோரம், லலிதா மறு ஜன்னலோரம்.

வளைவுகள் வந்தன. அத்திம்பேர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். வண்டி சமர்த்தாக ஏறியது.

"சாரே, ஒண்ணு சொல்லணும்" என்று ஆசான் கெஞ்சினார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அப்பறம் என் வாய் நிக்கலைம்பா."

இன்றைக்கும் இப்படியே திரும்பினால் அக்கா இனி வரவே மாட்டாள். அடுத்த வளைவு நெருங்கும்போது பின்னாலிருந்து லலிதாவின் குரல் கேட்டது.

"சொல்லுங்கோ அத்திம்பேர். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கப்படாது. நீங்க சொல்லாம இந்த வண்டி சரியாகாது."

அத்திம்பேர் தொண்டையைச் செருமினார். பிறகு அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"மூணு போடுடா!"

போட்டேன். வண்டி குலுங்கிக் குலுங்கி விக்கியது. "வந்நு, விக்கல் வந்நு" என்று ஆசான் சீட்டைத் தட்டினார். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு லலிதா, அப்புறம் அத்திம்பேரே. விக்குகிற காரில் இத்தனை சந்தோஷமாக யாரும் போயிருக்க மாட்டார்கள்.

பானெட்டைத் திறந்தால் விஷயம் சின்னது. எஞ்சினை ஏற்றியபோது காயிலுக்குப் போகும் வயர் ஒரு குழாய்க்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. எஞ்சின் திணறி அசையும்போது வயர் இழுபட்டு விடுகிறது. "இது நான் செய்த வேலையாக்கும்" என்றார் ஆசான், பரிசு வாங்கியவர் மாதிரி. வயரை இந்தப் பக்கம் மாற்றினார். அடுத்த வளைவில் அத்திம்பேர் மறுபடி மூணு போடச் சொன்னார். வண்டி முனகியது, விக்கவில்லை.

இறங்கும்போது ஆசான், "அடுத்த மாசம் ஒரு செக்கிங் உண்டு சாரே. இதே ஆளுங்க வேணும்" என்றார். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார். இப்படியே மாதாமாதம் எல்லோரும் கல்லாறு வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறோம். அக்கா இப்போது எங்கள் வீட்டுக்கு வர நாள் கிழமை பார்ப்பதில்லை.

போன வாரம் ஷெட்டில் கேட்டேன். "வயர் எப்பவோ சரியாயிடுத்தே ஆசானே, வண்டிக்கு இன்னும் எதுக்குச் செக்கிங்?"

வேறொரு காரின் எஞ்சினுக்குள் விட்ட தலையை அவர் எடுக்கவில்லை.

"வண்டிக்கு வேண்டாம் சாரே."

வெளியே வந்து அக்காவுக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டும்போது ஆசானுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னேன்.