கட்டி உறிஞ்சும் சாமியார்

இலுப்பூர்ச் சந்தைத் திடலில் ஆத்மநாத சுவாமி கூடாரம் போட்டதிலிருந்து கடவுளுக்கே வேலை குறைந்துவிட்டது. கட்டியோ கழலையோ, சாமியார் வாய் வைத்து உறிஞ்சி, ரத்தம் சொட்டும் சதைத்துண்டாகத் துப்பிவிடுவார். கத்தி இல்லை, தழும்பு இல்லை. காணிக்கை மட்டும் முன்கூட்டியே.

சேவுகனும் வரிசையில் நின்றான். தங்கை சொர்ணவல்லிக்குப் பதினேழு வயது. கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. உழவு மாட்டை விற்று மதராசுக்குக் கூட்டிப்போய், ஊரில் கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்ததில் கட்டி பாதி கரைந்திருந்தது. மீதிக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காக நிலத்தை ஒத்தி வைத்து வாங்கிய பணம் அவன் மடியில் இருந்தது. அதைச் சாமியாரிடம் கொடுக்கச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. ஊர்ப் புத்திதான் இலவசமாயிற்றே.

"போயிருவோம்ணே," என்றாள் சொர்ணவல்லி. சிகிச்சையில் அவள் குரல் கம்மியிருந்தது. "கரண்டுலதான் கொறையுதுல்ல."

"அங்க சோறு எறங்காம நீ அழுததப் பாத்தேன் தாயி. இங்க ஒரு நிமிசத்துல முடியுதுன்னா வேணாங்கவா?"

அவள் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பு அவர் திரைக்குப் பின்னால் போனார். போகும்போது வாய் ஓயாமல் மந்திரம். திரும்பும்போது மௌனம்; கன்னம் மட்டும் சற்று உப்பியிருக்கும்.

"அருள் நெறஞ்சு வந்திருக்காக, பேசமாட்டாக," என்று சீடன் விளக்கினான். அருள் இடது கன்னத்தில்தான் நிறையுமா என்று யாரும் கேட்கவில்லை.

முறை வந்தது. சீடன் தட்டை நீட்ட, சேவுகன் மடியை அவிழ்த்தான். சாமியார் குனிந்தார். சொர்ணவல்லி கழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"கரண்டு வச்ச தோலுங்க, புண்ணா இருக்கு. எச்சி படக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க. சாமி வாயக் கொப்பளிச்சுட்டு வைக்கட்டும்."

"சாமி மௌனத்துல இருக்காக," என்றான் சீடன்.

"பேசவா சொன்னேன்? கொப்பளிக்கத்தானே சொன்னேன்."

கூட்டத்துக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு பெண் தன் செம்புத் தண்ணீரை நீட்டினாள். சாமியார் தலையசைத்து மறுத்தார். சேவுகனின் கை மடியிலேயே நின்றுவிட்டது.

"கொப்பளிங்க சாமி," என்றான் அவனும்.

வேறு வழியின்றிச் சாமியார் தண்ணீரை வாயில் ஊற்றினார். துப்ப முடியாது. விழுங்கப் பார்த்தார், புரையேறிற்று. விழி பிதுங்க இருமியவரின் முதுகில் சேவுகன் பதறிப்போய் ஓங்கித் தட்டினான். காணிக்கைத் தட்டில் சொத்தென்று ஒரு துண்டு விழுந்தது.

ஆட்டு ஈரல்.

"என்னையத் தொடாமயே எடுத்துட்டாரேண்ணே," என்று சொர்ணவல்லி கரகரத்த குரலில் சிரித்தாள்.

கூட்டமும் சிரித்தது. பிறகு, கொடுத்த காணிக்கை ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டு சாமியாரைப் பிடித்தது. சீடன் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடியே போனான்.

சேவுகன் மடியை இறுக்கி முடிந்தான். "ஈரல் துண்டுக்கா ஒன்னையக் குடுக்கப் பாத்தேன்," என்றான்.

"விடுண்ணே. மதராசு ரயிலப் புடிக்கணும், திருச்சி பஸ்ஸு போயிரும்."

மதராசில் அவள் மறுபடி சோறு இறங்காமல் அழுதாள். சேவுகன் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தான். கட்டி கரைந்துதான் ஊர் திரும்பினார்கள். நிலம் இன்னும் ஒத்தியில் கிடக்கிறது, தங்கை இருக்கிறாள்.

கீரமங்கலத்தில் இப்போது முட்டையில் நோயை இறக்கும் அம்மையார் ஒருத்தி வந்திருக்கிறாளாம். வரிசை இப்போதே நீளமாம். போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும்; தலையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாமல் கூடவே எடுத்துப் போனால் போதும்.