மாமாவின் மூன்று நாள் அளவுகள்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு கற்பனைப் படைப்புத்தான் எழுதியிருக்கிறேன். அது என் மாமனாருடைய சிறுநீரைப் பற்றியது. மூன்று நாள் சம்பவங்கள், பதினெட்டு வரிகள், எல்லாம் மில்லிலீற்றரில். அதற்கு வாய்த்த ஒரே வாசகர் ஒரு சிறுநீர் வைத்திய நிபுணர். படித்துவிட்டு அவர் மிகவும் திருப்திப்பட்டார். அந்தத் திருப்தியால் ஒரு மனிதரின் உயிர் போயிருக்கும். இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி ரொறன்ரோவுக்கு வந்து எனக்கு எட்டு மாதம். மல்வேர்னில் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை வீடு, ஒரே ஒரு குளியலறை. அதில் நான், என் கணவர், அவருடைய தகப்பனார். மாமி ஊரிலேயே காலமாகிவிட்டா. மாமா யாழ்ப்பாணத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் முப்பது வருடம் பால் அளந்து எழுதியவர். அதிகம் பேச மாட்டார். அவர் இருக்கும்போது நான் கதிரையில் உட்கார மாட்டேன். நான் குசினியில் நின்றால் அவர் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். "தேத்தண்ணி போடட்டே மாமா?" என்று நான் கேட்பேன். "ஓம் பிள்ளை" என்பார். எட்டு மாதமாக இந்த இரண்டு வசனங்களிலேயே எங்கள் குடும்பம் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது.

மாமா குளியலறைக்குப் போனால் அரை மணித்தியாலம் வெளியே வர மாட்டார். குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கும்வரை நானும் கணவரும் தொலைக்காட்சியை உன்னிப்பாகப் பார்ப்போம் (அது நிறுத்தியிருந்தாலும் பார்ப்போம்). வெளியே வந்து பத்து நிமிடத்தில் திரும்பவும் போவார். தமிழ்க் கடையில் பார்லியும் நெருஞ்சி முள்ளும் வாங்கிவந்து தானே அவித்துக் குடித்தார். என்ன வருத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியில் குடும்ப வைத்தியர்தான் நிபுணரிடம் அனுப்பினார்.

கணவருக்கு இரண்டு வேலை. ஆகவே மொழிபெயர்க்க நான் போனேன். ஊரில் இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். கல்யாணம் பேசும்போது 'பிள்ளை நல்லாய் இங்கிலிஷ் கதைக்கும்' என்று என் பக்கத்தார் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். எதைப் பற்றிக் கதைக்க வேண்டி வரும் என்று அவர்களுக்கும் தெரியாது.

நிபுணர் உயரமான, சாந்தமான வெள்ளைக்காரர். இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், நீர் தடையில்லாமல் போகிறதா, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் உணர்கிறாரா என்று வரிசையாகக் கேட்டார். எனக்குக் காது சிவந்துவிட்டது. நான் மாமாவின் பக்கம் திரும்பி, அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு, நித்திரை எப்படியாம் என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். பிரச்சினை பெரிதாக இல்லையாம் என்று நிபுணரிடம் சொன்னேன். அடுத்த கேள்விக்குச் சாப்பாடு செமிக்கிறதா என்று கேட்டேன். மாமாவும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, செமிக்கிறது என்றார். விரலால் பரிசோதிக்க வேண்டும் என்று நிபுணர் கையுறையை எடுத்தபோது, எங்கள் பக்கத்தில் முதல் நாளிலேயே அப்படிச் செய்வதில்லை என்று ஒரு வழக்கத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கினேன். அவர் மரியாதையாகக் கையுறையை வைத்துவிட்டார்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை தந்தார். மூன்று நாட்களுக்கு மாமா ஒவ்வொரு தடவையும் போகிற நீரை அளந்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுத வேண்டும். அளப்பதற்கு, கழிப்பறை இருக்கையின் கீழ் வைக்கிற வெள்ளைப் பிளாஸ்ரிக் பாத்திரம் ஒன்றைத் தாதி தந்தாள். கவிழ்த்த தொப்பி மாதிரி விளிம்பு வைத்து, உள்ளே மில்லிலீற்றர் கோடுகள் போட்டிருந்தது. இதைத் தகப்பனாருக்கு நன்றாக விளங்கப்படுத்து என்று என்னிடம் சொன்னாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வசனத்தை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். 'நீர்' என்று தொடங்கினால் மரியாதை, ஆனால் அடுத்த சொல் வர வேண்டுமே. கடைசியில் துணிந்து, டொக்டர் ஒரு வேலை தந்திருக்கிறார் மாமா என்றேன். என்ன வேலை என்று கேட்டார். தண்ணீர் நிறையக் குடிக்கட்டாம் என்றேன். மாமா கீழ்ப்படிவுள்ள நோயாளி. அன்றிலிருந்து பார்லித் தண்ணீர் இரண்டு மடங்கானது.

கணவரிடம் சொன்னேன். அவர் பாத்திரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு சப்பாத்தைப் போட்டார். "அப்பாட்டை நான் எப்பிடி உதைக் கேக்கிறது? டொக்டரோட கதைச்சது நீர்தானே, நீரே சொல்லும்" என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். தகப்பனும் மகனும் அதுவரை நாட்டு நிலைமையையும் பனியையும் தவிர வேறெதையும் பேசியதில்லை.

பாத்திரத்தை அலமாரியின் மேல் வைத்தேன். இரண்டாம் நாள் அது சாமிப்படத்துக்கு முன்னால் இருந்தது, அதில் மஞ்சள் செவ்வந்திப் பூ. மாமா எடுத்து வைத்திருந்தார். புதுப் பாத்திரம், சுத்தமான பாத்திரம், அவர் மேல் என்ன பிழை? நான் அதற்கு முன்னால் நின்று கும்பிட்டேன். (வேறு என்ன செய்வது?)

நிபுணரிடம் போக வேண்டிய நாள் காலையில் தாள் வெறுமையாக இருந்தது. குசினி மேசையில் இருந்து பேனையை எடுத்தேன். ஆதாரம் வேண்டுமே. எனக்குத் தெரிந்த ஒரே ஆதாரம் நான்தான். நான் எப்போது போனேன், ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று யோசித்து நிரப்பினேன். காலை ஏழு மணி, நானூறு. பதினொரு மணி, முந்நூற்றைம்பது. மாமாவுக்கு மரியாதைக் குறைவு வந்துவிடக்கூடாது என்று சில இடங்களில் ஐம்பது கூட்டியும் போட்டேன். இப்படியாக எழுபது வயது மனிதரின் பெயரில் இருபத்தாறு வயதுப் பெண்ணின் சிறுநீர்ப்பை பதிவாகியது.

நிபுணர் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இந்த வயதில் இப்படி ஒரு ஒழுங்கைத் தான் கண்டதில்லை என்றார். இப்போதைக்குச் சிகிச்சை ஒன்றும் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று எழுந்து மாமாவின் கையைக் குலுக்கினார். மாமாவும் எதற்கென்று தெரியாமல் மகிழ்ச்சியோடு குலுக்கினார். எனக்கு அன்று குற்ற உணர்ச்சி வரவில்லை. சோதனையில் நல்ல புள்ளி எடுத்த மாதிரி இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

குளிர் தொடங்கியதும் மாமாவுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தது. மருந்துக்கடையில் நான்தான் குளிசை வாங்கினேன். பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் போவதில் சிரமம் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. நான் அதை வாசித்தேன். கடை நடுவில் நின்று இரண்டு தடவை வாசித்தேன். பிறகு, நிபுணரே ஒரு சிரமமும் இல்லை என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு நானே நியாயம் சொல்லி வாங்கிவந்து கொடுத்தேன். நான் எழுதிய பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விட்பியில் கணவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் குடிபூரல். புது வீடு, மூன்று குளியலறை. வந்தவர்களை அண்ணி கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டினா. மேல்மாடிக் குளியலறை மட்டும் பூட்டியிருந்தது. உள்ளே மாமா. முதல் கூட்டம் வந்து கதவைப் பார்த்துவிட்டு இறங்கியது, இரண்டாவது கூட்டம் வந்தது, இறங்கியது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அங்கே நல்ல மாபிள் போட்டிருக்கு என்று அண்ணி மூன்றாம் தடவை கதவுக்கு வெளியே நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது மாமா கதவைத் திறந்தார். முகம் வெளிறியிருந்தது, வேட்டி முழுக்க வியர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் என்னைத் தேடினார்.

"பிள்ளை, விடியத்திலையிருந்து ஒரு சொட்டும் போகேல்லை. வயிறு வெடிக்குது."

மகன் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார். மாமா என்னிடம்தான் சொன்னார். நான்தானே அவருடைய வாய். அவருடைய சொல்லை வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் என்று அவர் அத்தனை மாதமும் என்னை நம்பியிருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன் (அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை). கல் மாதிரி இருந்தது. காரில் அவர் சீற் பெல்ற்றை வயிற்றில் படாமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு முனகல் இல்லை. பின்சீற்றில் இருந்த நான்தான் அழுதேன்.

அவசரப் பிரிவில் இளம் வைத்தியர் ஒருவர் கேள்வி கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். இவ்வளவு மாதமும் வாயில் வராத சொற்கள் எல்லாம் மாமாவின் முகத்தைப் பார்த்தபடியே வந்தன. அவரும் ஒரு சொல் விடாமல் பதில் சொன்னார். இரவில் ஏழு தடவை. சொட்டுச் சொட்டாக. இரண்டு வருடமாக. குழாய் விட்டு நீரை எடுத்தார்கள். நோ குறைந்ததும் மாமா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, எவ்வளவு என்று. தாதி சொன்ன அளவை நான் தமிழில் சொன்னேன்: ஆயிரத்து இருநூற்றிப் பதினைந்து. பால் அளந்த மனிதர், சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை நிபுணர் என் தாளோடு வந்தார். மாதக்கணக்காக நீர் தேங்கிச் சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றன, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மீட்டிருக்க முடியாது என்றார். பிறகு தாளைக் கட்டிலில் வைத்து, அப்படியென்றால் இந்த அளவுகள் யாருடையவை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு மாமாவுக்குத் தமிழில். கணவர் ஜன்னலுக்கு வெளியே கார்த் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டார். தாளில் வரி வரியாக விரல் வைத்துக்கொண்டு போனார். பால் நிலையத்தில் தண்ணீர் கலந்தவர்களைப் பிடித்த கண்.

"அளந்ததோ, எழுதினதோ எண்டு நான் பார்த்த உடனை சொல்லுவன். எல்லாம் ஐம்பதிலையும் நூறிலையும் முடியுது. மெய்யா அளந்தா நூற்றிப் பதினேழு, இருநூற்றி மூண்டு எண்டுதான் வரும். ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை? முப்பது வருசம் அளந்தவன், இதை அளக்க மாட்டனே?"

"வெக்கமாக் கிடந்தது மாமா."

அவர் தாளை மடித்து வைத்தார். பிறகு தனக்கும்தான் என்றார். அப்போது தாதி கொண்டுவந்து வைத்த, அதே மாதிரியான வெள்ளைப் பாத்திரத்தைக் கண்டார். அதை உற்றுப் பார்த்துவிட்டு, இதில் நான் சாமிக்குப் பூ வைத்தனான் என்று மெதுவாகச் சொன்னார். கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமாவும் சிரிக்கப் போய், குழாய் இழுத்து நோவெடுத்து, எங்களைத் திட்டினார்.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் மாமா தானே கோடு போட்டு, தானே அளந்து, மூன்று நாளுக்குப் பதிலாக மூன்று மாதம் எழுதினார். நூற்றி முப்பத்தேழு, தொண்ணூற்றி இரண்டு, இருநூற்றிப் பதினொன்று. தேத்தண்ணீரோடு கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். நான் கதிரையில் இருந்துகொண்டு பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஆண் ஒருவரை மொழிபெயர்க்கத் தரலாம் என்றபோது, வேண்டாம், எனக்கு இந்தப் பிள்ளை போதும் என்றுவிட்டார். அதன்பிறகு பதினொரு வருடம் எங்களோடு இருந்தார்.

அவருடைய அந்த வசனம் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. மகள் மூன்று மணித்தியாலம் படித்தேன் என்றால் மகன், "அளந்ததோ, எழுதினதோ?" என்பான். அந்தத் தமிழ் மட்டும் அவனுக்குப் பிழையில்லாமல் வரும். விருந்துக்கு வருகிற உறவுக்காரர்கள் சம்பளம் சொன்னாலும் இதே கேள்விதான். எல்லாரும் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

மாமா கடைசியாக அதைக் கேட்டதை மட்டும் நான் இதுவரை பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வைத்தியர் வெளியே கூப்பிட்டு என்னிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, எல்லாம் நல்லாய் இருக்கெண்டுதான் டொக்டர் சொல்லுறார் மாமா என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அளந்ததோ பிள்ளை, எழுதினதோ?"

"எழுதினது மாமா" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.