உறைந்த குழாயும் ஓர் ஆட்டைத்திவசமும்

கடுங்குளிர் நாளில் சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பவன் மூடன். அந்த மூடன் பௌதிகப் பட்டதாரியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு நானே சான்று.

மனைவி இறந்தபின் ஓராண்டுக்கு மீன், இறைச்சி, எந்த மச்சமும் தொடேன் என்று புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டு மனோர் பார்க் கோயிலில் பலரறியச் சொல்லியிருந்தேன் (எவரும் கேட்கவில்லை). முதலாண்டுத் திதியான ஆட்டைத்திவசத்துக்கு முதல்நாள் மாலை, வீட்டின் வெறுமை தாங்காமல், இரண்டு துண்டு கருவாடு பொரித்துத் தின்றேன். மணம் போக மறுத்தது. காலையில் ஐயர் வருவார், உறவினர் வருவர்; என் ஓராண்டுக் கௌரவம் வாசலிலேயே நாறிவிடும். ஜன்னலை அகலத் திறந்தேன். வெப்பம் மணத்தைப் பரப்பும் என்று கணித்து ஹீற்றரையும் நிறுத்தினேன்.

சற்று நேரத்தில் மைத்துனி வசந்தி தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தான், இண்டைக்குச் சரியான குளிர். ஹீற்றரை நிப்பாட்டிப் போடாதேங்கோ. பைப்பையும் கொஞ்சம் சொட்ட விடுங்கோ."

"பிள்ளை, தண்ணி எப்ப உறையும் எண்டு முப்பது வருசம் படிப்பிச்சவன் நான்."

காலையில் குழாயைத் திருகினேன். ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரும் குழாய் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் சுவரோடு ஓடியது. கருவாட்டு மணம் போயிருந்தது, தண்ணீரும் போயிருந்தது.

பக்கத்து வீட்டில் இரந்து கேட்க என் கௌரவம் இடந்தரவில்லை. முதல் ஆளாக வந்துசேர்ந்த வசந்தி கடைக்கு ஓடினாள். தெருவில் பலருக்கும் இதே கதி போலும். அங்கே மிஞ்சியிருந்தது சோடாபோல் காஸ் நிரப்பிய போத்தல் தண்ணீர் மட்டுமே.

ஐயர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தண்ணிதானே?"

"ஓம் ஐயா. கொஞ்சம் பொங்கும்," என்றாள் வசந்தி.

நாற்பது ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் குனிந்தேன். செம்பில் இட்ட எள் அமிழ்ந்தது, பின் குமிழிகளோடு ஒவ்வொன்றாக மேலெழுந்தது, அமிழ்ந்தது, மறுபடி எழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"அக்கா இப்பிடித்தான் அத்தான்," என்றாள் வசந்தி. "நீங்கள் பெரிசாக் கதைக்கேக்க, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிக்கிறவ."

முதலில் சிரித்தவர் ஐயர். பிறகு எல்லோரும். ஓராண்டாக எவர் முன்பும் அழாதிருந்த நான், அன்று சபை நடுவே அழுதேன்.

நண்பகலில் குழாய் தானாகவே இருமிக்கொண்டு திறந்தது. குளிர்காலத்தில் என் வீட்டு ஹீற்றர் இப்போது அணைவதில்லை. ஆயினும் திவசந்தோறும் வசந்தி ஒரு போத்தலோடு வருகிறாள். "அக்கான்ர தண்ணி" என்று பிள்ளைகள் வரை அதற்குப் பெயராகிவிட்டது. எள் ஏன் எழுகிறது என்பதற்கு என்னிடம் முறையான விளக்கம் உண்டு. ஒருவரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.