புழுக் கங்காணியின் பெரட்டு

புல்லை ஒழிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தப் புல்லுக்கே காவல் நின்ற மனிதர் ஊவா மாகாணம் முழுவதிலும் ஒருவர்தான். ஹாலிஎலைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் புல்லுவெட்டும் ஆட்களை மேற்பார்த்த அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புழுக் கங்காணி என்றால் பதுளை பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும்.

1954இல் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து கலக்கும் வேலைக்குப் போனேன். முதல் வாரமே கையில் ஒரு புல்லோடு வந்து நின்றார்.

"மிஸ்ஸி, ஒங்க பூதக்கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க. உள்ள ஒருத்தன் குடியிருக்கான்."

புல்லின் இரு ஓரங்களையும் பட்டு நூலால் இழுத்துக் கட்டிய குழல். உள்ளே பச்சைப் புழு. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. நோட்டில் மூன்று கேள்விகள் எழுதினேன்: எங்கே தூங்குகிறது, எப்படித் தின்கிறது, என்னவாக மாறும்?

முதல் இரண்டுக்கும் அவரே விடை கொண்டுவந்தார். தூக்கம் குழலுக்குள். வெளியே வந்து புல்லைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே. எச்சத்தை மட்டும் வீட்டுக்குள் வைக்காது. வாசலுக்குப் பின்புறத்தைக் காட்டிச் சுண்டி எறியும்.

"அளந்து பாத்தேன் மிஸ்ஸி. ஒன்றர முழம் பாயுது!"

ஆட்களை நிறுத்தி வேலைக்கு அனுப்பும் காலைப் பெரட்டில் மறுநாள் அதையே பிரசங்கமாக்கினார்.

"கக்கூஸ் கட்டிக் குடுத்தும் தண்ணி ஓடுற கானுக்குத்தானே போறீங்க! அந்தப் புழுவப் பாத்துப் படிங்கப்பா!"

"அப்ப நாங்களும் ஒன்றர முழம் எறியவா, கங்காணி?" என்றாள் ஒருத்தி. பெரட்டு கலைய அரை மணி நேரமாயிற்று.

புழுக்களுக்கும் பெரட்டு வைத்தார். ஆறாம் நம்பர் மலையில், கானோரம் ஒரு பாய் அகலப் புல்லை வெட்டாமல் விட்டு, காலையில் ஒவ்வொரு குழலாக எட்டிப் பார்ப்பார். முழு நாள் உழைத்தவருக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் என்பது தோட்டத்து வழக்கம்.

"நாலாம் நம்பரு சரியாத் திங்கல. அரைப்பேருதான் போட்டேன்."

நாலாம் நம்பர் சோம்பேறியல்ல. கூட்டுப்புழுவாகிக்கொண்டிருந்தது. மற்றவற்றைக் குருவிகள் கொத்திப் போக, என் மூன்றாவது கேள்விக்கு அது ஒன்றே மிச்சம்.

கங்காணிகளுக்கு மேலதிகாரியான கணக்கப்பிள்ளை வந்து கத்தினார். "திங்கக்கெழம பெரிய தொரை மலை பாக்க வாராரு. அந்தப் புல்லு நின்னா ஒம்ம கங்காணி வேல நிக்காது!"

"வெட்டிப் போத்தலில் வைக்கலாமே?" என்று கங்காணியிடம் கேட்டேன்.

"போன மாசம் ஒண்ண வச்சேனே. புல்லு காஞ்சு சுருங்கி, உள்ளயே செத்துப்போச்சு மிஸ்ஸி."

ஞாயிறன்று கூடு கறுத்தது. மறுநாள் காலை வெளிவரும் என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் வெட்டவில்லை.

திங்கட்கிழமை மருந்துப் பெட்டியைச் சாக்காக வைத்து நானும் போனேன். துரை வந்தபோது அது புல் நுனியில் உட்கார்ந்திருந்தது. கங்காணி கையை உயர்த்தினார். "அஞ்சே நிமிசம் தொரை. செறகு காயணும்."

கட்டைவிரல் நகம் அளவு பழுப்பு வண்ணத்துப்பூச்சி. கண்ணாடித் துண்டுபோல நாலைந்து வெள்ளைப் புள்ளிகள், முகத்துக்கு மீறிய கண்கள். எறிந்த கல்லைப் போலப் பறந்தது. பக்கத்துப் பாறையில் காகம் இட்ட எச்சத்தில் போய் உட்கார்ந்து, நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டிக் குடிக்கத் தொடங்கியது.

துரை முகத்தைச் சுளித்தார். "இதுக்கா இம்புட்டும்?" என்றார் கணக்கப்பிள்ளை.

"பாவம், பத்து நாளாப் பட்டினி" என்றார் கங்காணி.

மறுநாள் அவர் கங்காணி இல்லை. புல் சுரண்டியோடு ஆட்களின் வரிசையில் நின்றார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"விடுங்க மிஸ்ஸி. கங்காணின்னா நிமுந்து நிக்கணும். இப்ப நாளெல்லாம் குனிஞ்சிருந்தாலும் ஏன்னு கேக்க ஆளில்ல."

அந்த வாரம் தோட்டத்து ஆபீசுக்கு நான் அனுப்பிய தேவைப் பட்டியலில் பஞ்சு, டிஞ்சர், கட்டுத்துணி. கடைசி வரி: டிஸ்பென்சரிக்குப் பின்னால் உள்ள புல்லை வெட்டக் கூடாது; மருத்துவத் தேவை.

அவர் வந்து குனிய ஓர் இடம் வேண்டியிருந்தது.