புரொபசர் ஏரி திறக்கப்பட்ட காலை

பயந்தவன் சும்மா இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவன் கையில் சிமெண்ட் மூட்டை கிடைத்தால்தான் ஆபத்து. எனக்கு ஒரு வேன் நிறையக் கிடைத்தது.

மந்தைவெளியில் எங்களுடையது பழைய தனி வீடு. தெருவுக்கு ஒவ்வொரு முறை புதுச் சாலை போடும்போதும் சாலை கொஞ்சம் உயரும், வீடு கொஞ்சம் தாழும். குடிவந்த காலத்தில் தெருவிலிருந்து படியேறி வீட்டுக்குள் வந்தோம். இப்போது இறங்கி வருகிறோம். ஒரு பெருமழையில் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து போனது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டில் யாராவது வாளியில் தண்ணீர் பிடித்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

கல்லூரியில் புவியியல் கற்பித்தவன் நான். நதிகள் எப்படி ஓடும் என்று பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவனுக்கு ஒரு முற்றத்துத் தண்ணீர் எம்மாத்திரம்? நானே படம் வரைந்தேன். வாசல் கேட்டுக்கு உள்பக்கம், இடுப்பளவுக்குச் சற்றுக் குறைவாக ஒரு தடுப்புச் சுவர். ஏறி இறங்கப் படிகள். மதில் அடியில் இருந்த ஓட்டைகள் எல்லாம் அடைப்பு. கேட்டுக்குத் தகரம். தரை முழுக்க சிமெண்ட், நடுவில் இருக்கும் மழைநீர்க் குழியை நோக்கிச் சரிவு.

"கோட்டை மாதிரி கீது சார்" என்றார் மேஸ்திரி. எனக்குப் புல்லரித்தது.

என் மனைவி வசந்தா மட்டும் வாசற்படியில் நின்று கேட்டாள்: "ஏங்க, வெளித்தண்ணி உள்ள வராது, சரி. உள்ள பெய்யறது எங்க போகும்?"

"குழி குடிச்சுடும். குடிக்கலைன்னா மோட்டார் போட்டு வெளிய இறைச்சுடலாம்."

"மழையில கரண்ட் இருக்குமா?"

"நீ போய் காபி போடு." (அறிவியல்பூர்வமான பதில் இதுதான்.)

அந்த ஆண்டு மழைக்காலத்தில் வசந்தாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரிக்கவில்லை, கட்டு நனையக் கூடாது என்று எச்சரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த சில நாளில் கனமழை எச்சரிக்கை. பெசன்ட் நகரில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் மகள் சுதா போன் செய்தாள்.

"அப்பா, கார் அனுப்பறேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க."

"எதுக்கு? நம்ம வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது."

வசந்தா அதற்குள் ஒரு பையில் துணிமணி எடுத்து வைத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

கோட்டையை நம்பி அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் விடிந்து கண் விழித்தபோது என் செருப்பு அறைக்குள் மிதந்து வந்துகொண்டிருந்தது.

மின்சாரம் இல்லை. போனில் சிக்னல் இல்லை. விடிந்தும் வெளிச்சம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றம் முழுக்கப் பழுப்புத் தண்ணீர். நடுவில், குழி இருந்த இடத்தில், சோற்றுப் பானை கொதிப்பதுபோலக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரைக் குடிக்க வேண்டிய குழி, பல நாள் மழையில் நிலம் நிறைந்துபோய், குடித்ததையெல்லாம் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது என் மூளை வேலை செய்தது. அதுதான் வினை. இவ்வளவு உயரத் தடுப்பு கட்டியும் உள்ளே இவ்வளவு தண்ணீர் என்றால், தெருவில் ஆள் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள ஏரியைத் திறந்துவிட்டார்கள். ஊர் போய்விட்டது. கேட்டைத் திறந்தால் நாங்களும் போய்விடுவோம். உடனே பழைய மெத்தையை இழுத்துப்போய் வாசலில் சுருட்டி வைத்தேன். தண்ணீர் வெளியே போக ஏதாவது இடுக்கு மிச்சமிருந்தால் அதையும் அடைத்தாயிற்று.

"ஒரு தடவை மாடிப்படி ஏறித் தெருவை எட்டிப் பாருங்களேன்" என்றாள் வசந்தா. மாடிப்படி வீட்டுக்கு வெளியே, பின்பக்கம் இருந்தது.

"தண்ணியில கரண்ட் பாயும்."

"கரண்ட்தான் இல்லையே."

"பாம்பு இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய பை மெல்ல வெளியே வந்து மிதந்தது.

சிறிது நேரத்தில் அவள் கழிவறைக்குப் போக வேண்டும் என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கொள், தண்ணீர் வடிந்துவிடும் என்றேன். எங்கே வடியும் என்று அவள் கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினாள். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் கட்டு நனைந்துவிட்டது.

அந்த வெள்ளைத் துணியில் பழுப்பு ஏறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது. அவளைத் திரும்பக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் சாமி பெயர்களை வரிசை மாற்றிச் சொல்லிக்கொண்டு மாடி ஏறினேன். கையில் ஒரு வெள்ளைத் துண்டு. ஹெலிகாப்டருக்குக் காட்டுவதற்கு.

மொட்டை மாடியில் நின்று வானத்தை நோக்கித் துண்டை ஆட்டினேன்.

"இன்னா சார், மழையில துணி காயப் போட வந்தியா?"

கீழே பார்த்தேன். எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநர் ஏழுமலை, ஒரு கையில் டீ, ஒரு கையில் குடையோடு நின்றிருந்தார். அவர் காலில் செருப்பு நனைந்திருந்தது. அவ்வளவுதான். அந்த ஆண்டு தெருவில் புதிதாகக் கட்டியிருந்த மழைநீர்க் கால்வாய் வேலை செய்துவிட்டது. தெருவில் வெள்ளமே இல்லை.

நான் மாடியிலிருந்தே நிலைமையைக் கத்திச் சொன்னதும் ஏழுமலை கடப்பாரையோடு மதில் ஏறி வந்தார். தண்ணீரைப் பார்த்தார். "ஊரே நல்லா கீது, உன் வூட்ல மட்டும் கடல் கட்டி வச்சிக்கினு கீறியே சார்."

கேட்டைத் திறந்து வைத்துவிட்டு இடித்தார். தடுப்பு லேசில் உடையவில்லை. சிமெண்டை இரண்டு மடங்கு போடச் சொன்னவன் நான்.

"எவன் சார் கட்டினான் இத்த? சமாதி மாதிரி கீது."

"நான்தான்."

ஒருவழியாக நடுவில் பிளந்தது. பெரும் சத்தத்தோடு தண்ணீர் தெருவுக்குப் பாய்ந்தது. என் செருப்பு, குடம், வசந்தாவின் பை எல்லாம் ஊர்வலமாகப் போயின. தெருமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது: "ஐயோ, ஏரியத் தொறந்து வுட்டாங்க." அடுத்த நிமிடம் ஆட்கள் திண்டாடி ஸ்கூட்டர்களை மேட்டில் ஏற்றினார்கள். இஸ்திரி போடுபவர் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

"எந்த ஏரிப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"புரொபசர் ஏரி" என்றார் ஏழுமலை.

பிறகு நானும் அவரும் வசந்தாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, உடைந்த இடம் வழியாக வெளியே கொண்டுவந்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. "கல்யாண ஊர்வலத்துலகூட இவ்வளவு கூட்டம் இல்லைங்க" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரமே தையல் போட்ட இடம் சீழ் பிடித்தது. மறுபடி மருத்துவமனை, மறுபடி கத்தி. சுதா நெடுநாள் என்னோடு பேசவில்லை. வசந்தாவின் இடது கால் இப்போதும் முழுதாக மடங்குவதில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தடுப்பை எடுத்துவிட்டேன். மதில் ஓட்டைகளைத் திறந்துவிட்டேன். முற்றத்தை உயர்த்தி, சரிவைத் தெருப்பக்கம் திருப்பியாயிற்று. ஆனாலும் மழை அறிவிப்பு வந்தால் சுதா போன் செய்து, "அப்பா, புரொபசர் ஏரி எவ்வளவு அடி?" என்று கேட்கிறாள். பேரப்பிள்ளைகள் பின்னாலிருந்து சிரிப்பார்கள்.

அதற்குள் நான் வசந்தாவின் பையைக் கட்டி வாசலில் வைத்திருப்பேன்.

"இன்னும் ஒரு மேகம்கூட வரலையேங்க."

"பரவாயில்ல, ஏறு."

ஏழுமலை ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே, "இன்னா சார், ஏரி ரொம்பிடுச்சா?" என்பார். பெசன்ட் நகர் போய்ச் சேரும்வரை, மடங்காத அந்தக் கால் என் மடியில்தான் இருக்கும்.